மானுக்கு வேண்டியது முள்ளங்கி அல்ல

வட அமெரிக்காவின் நாட்டுப்புறங்களில், காட்டை ஒட்டிய நிலத்தைத் துண்டு துண்டாக உழுது, முள்ளங்கி, டர்னிப், ஓட்ஸ் முதலியவற்றை விதைத்து, அறுவடை செய்யாமல் மான்களின் மேய்ச்சலுக்கென்றே விட்டுவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. தீவனப் பாத்தி என்று தமிழில் சொல்லத்தக்க இந்நிலங்களில் முள்ளங்கிக்குத் தனி மதிப்பு உண்டு. கோடையின் கடைசியில் ஏக்கருக்கு நான்கு கிலோ அளவில் விதை தூவினால், ஒரு வாரத்துக்குள் முளைத்து, இலையுதிர் காலத்தில் வேட்டைப் பருவம் தொடங்கும்போது முழங்கால் உயரத்துக்குத் தழை அடர்ந்துவிடும். வெண்வால் மான் முதலில் அந்தத் தழையைத் தின்னும், உறைபனி விழுந்து காரம் தணிந்த பிறகு கிழங்கையும் தோண்டித் தின்னும். மிஞ்சிய கிழங்குகள் குளிரில் செத்து மண்ணுக்குள்ளேயே அழுகுவதால், இறுகிய நிலத்தில் துளைகள் விழுந்து மண் இளகுவது உழவருக்குக் கூடுதல் பயன். பாத்தியின் நோக்கத்தை அங்கு யாரும் மறைப்பதில்லை: மானைக் கொழுக்க வைப்பதும், வேட்டைக்காரரின் குறிக்கு எட்டும் தொலைவுக்கு அதை வரவழைப்பதுமே அது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துவிட்டதால், இப்படியொரு பாத்திக்கு இங்கே இடமில்லை. ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணம், அதாவது காட்டு விலங்குக்கு மனிதர் பயிர்செய்து தீவனம் கொடுக்கலாம் என்ற எண்ணம், மலையோர ஊர்களில் வேறொரு வடிவில் எழுந்துகொண்டே இருக்கிறது. காட்டுக்குள் தீனி குறைந்ததால்தான் மிளாவும் காட்டுமாடும் தோட்டத்துக்கு வருகின்றன, எனவே காட்டுக்குள்ளேயே எதையாவது விதைத்துவிட்டால் அவை அங்கேயே நின்றுவிடும் என்பது அந்த வாதம். விளைந்த பயிரை ஒரே இரவில் இழந்தவரின் வேதனையிலிருந்து வரும் வாதம் என்பதால் அதைப் புறந்தள்ள முடியாது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. காட்டுக்குள் தீனி குறைந்திருப்பது உண்மை. அதை ஈடுசெய்யும் வழி பயிர் என்பதுதான் பிழை.

தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில் இதை ஆராய்வதற்கு ஏற்ற இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளம். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகக் காட்டைக் கடந்தே வழக்கமாக உள்ளே போகவேண்டிய இக்காடு, 2010இல் புலிகள் காப்பகம் ஆனது. உள்பகுதியும் சுற்றுப்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 643 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மற்றொன்று, இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர், வட்டவடை ஊர்களையும், சின்னாறு சரணாலயம், இரவிகுளம், ஆனைமுடிச் சோலை ஆகிய தேசியப் பூங்காக்களையும் கொண்ட மலைத்தொடர். இதில் சின்னாறு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடப்பதால், ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே பெறும் முட்காடு. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய இரவிகுளமோ மேகம் தங்கும் உயரத்துப் புல்வெளி. இத்தனை வேறுபட்ட நிலங்களில் வாழும் மான்களுக்கு ஒரே தீனி பொருந்தும் என்று நினைப்பதே முதல் தவறு.

இக்காடுகளில் மான் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை நான்கு. திறந்த வெளியில் கூட்டமாக மேயும் புள்ளிமான், மழைக்காலத்தில் இளம்புல்லையும், புல் காய்ந்த கோடையில் தழை, உதிர்ந்த பூ, காய் ஆகியவற்றையும் தின்று ஆண்டைக் கழிக்கும். மிளா என்றும் கடமான் என்றும் அழைக்கப்படும் பெரிய மான், கிடா இருநூறு கிலோவையும் தாண்டக்கூடியது. இருட்டியபின் வெளிவந்து புல், தழை, மரப்பட்டை, நீர்த்தாவரம் என எதையும் மேயும். கேளையாடு எனப்படும் குரைக்கும் மான் புதரோரத்தில் தனித்துத் திரிந்து, விழுந்த பழங்களையும் கொழுந்துகளையும் பொறுக்கித் தின்னும். ஏறத்தாழ மூன்று கிலோ எடையே உள்ள சருகுமான், உயிரியல் வகைப்பாட்டின்படி மான் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல என்றாலும், காட்டுத் தரையில் உதிரும் பழங்களை நம்பி அவற்றோடு வாழ்கிறது. இவற்றுள் கிழங்கைத் தோண்டித் தின்பதை வழக்கமாகக் கொண்டது எதுவும் இல்லை. அந்த வேலை காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் உரியது. ஆகவே இம்மலைகளில் முள்ளங்கிப் பாத்தி போட்டால், கிழங்கு திரளும் வேளையில் மானுக்கு முன்பே பன்றிக்கூட்டம் வந்து சேரும்.

தழையை மட்டும் மான் தின்றாலும் சிக்கல் தீராது. காரணம் அதன் வயிற்றின் அமைப்பில் உள்ளது. மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிறு நான்கு அறைகளாகப் பிரிந்தது. முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரை நொதிக்கச் செய்து மானுக்கு உணவாக மாற்றுபவை அவையே, மான் தானாக அதைச் செய்ய இயலாது. அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் தீனிக்கு ஏற்ப இந்நுண்ணுயிர்களின் கூட்டு மெல்ல மெல்ல மாறுமே தவிர, ஒரே இரவில் மாறாது. புதிய தீனிக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். காய்ந்த புல்லையும் பட்டையையும் செரித்துக்கொண்டிருந்த வயிற்றில், பெரும்பகுதி நீரும் எளிதில் நொதிக்கும் மாவும் சர்க்கரையும் கொண்ட பயிர் திடீரென்று நிறைந்தால், வயிற்றில் அமிலம் கூடும், உப்புசம் காணும், சில வேளைகளில் விலங்கு இறந்தும் போகும். முள்ளங்கி, முட்டைக்கோஸ், கடுகு அடங்கிய குடும்பத்துக்கு இயல்பான காரத்தைத் தரும் கந்தகச் சேர்மங்கள், அளவு மீறினால் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதையும் தடுக்கும். மாட்டுக்கு இத்தழைகளைப் போடுபவர்களிடம், வைக்கோலோடு கலந்து அளவாகப் போடுமாறு கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். தொழுவத்து மாட்டுக்கு அளந்து போட ஆள் இருக்கிறது, காட்டு மானுக்கு இல்லை.

மானை வேட்டையாடுவதற்காகவே மேய்ச்சலைப் பேணும் பழக்கம் இம்மலைகளில் ஒருகாலத்தில் இருந்தது என்பது இன்று பலர் மறந்துவிட்ட வரலாறு. நீலகிரியில் 1879இலேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது. அது விலங்கின் மீதுள்ள பரிவால் வந்ததைவிட, அடுத்த பருவத்துக்கும் வேட்டை மிஞ்சியிருக்க வேண்டும் என்ற கணக்கால் வந்ததே மிகுதி. மூணாற்றின் உயர்மலையில் தேயிலைத் தோட்டத் துரைமார்களும் அவ்வாறே ஒரு சங்கம் அமைத்து, இரவிகுளத்துப் புல்வெளிகளைத் தங்கள் வேட்டைக்காடாகப் பாதுகாத்தனர். மிளாவும் வரையாடும் அவர்களுடைய குறிகள். அவர்கள் அங்கே எதையும் விதைக்கவில்லை. முதுவர் குடியைச் சேர்ந்த காவலாளர்களைக் கொண்டு, பனிக்காலம் முடியும் வறண்ட மாதங்களில் புல்வெளியைப் பகுதி பகுதியாக எரித்தனர். முற்றிக் கரடுதட்டிய புல் கருகியபின், சில வாரங்களில் புரதம் மிகுந்த இளந்தளிர் வரும். அதை மேய விலங்குகள் தாமே திரளும். உப்பும் வைத்தனர். மழை அலசிப்போகும் மலைமண்ணில் சோடியம் குறைவு என்பதாலும், ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் வளர்க்கும் ஆண் மானுக்குச் சுண்ணாம்பும் பாஸ்பரசும் மிகுதியாக வேண்டும் என்பதாலும், தாதுக்கள் கிடைக்கும் இடத்தைக் குளம்பு விலங்குகள் தேடிச்சென்று நக்கும். இரவிகுளத்தின் இராஜமலையில் வரையாடுகள் மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்கப் பழகியதில் இந்த உப்புக்குப் பங்கு உண்டு.

கண்ணன் தேவன் மலைநிலங்களை 1971ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் கேரள அரசு மீட்டுக்கொண்ட பிறகு, இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆகி, 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் வேட்டை முற்றிலும் நின்றது. துப்பாக்கி போன பின்னும், புல்லைப் பேணும் அறிவு எஞ்சியது. அதைப் பெருஞ்செல்வம் என்றே சொல்லவேண்டும். எரிப்பதைப் பற்றிய கருத்து வேறுபாடும் கூடவே எஞ்சியது. தவறான மாதத்தில், பெரும்பரப்பில் தீ வைத்தால் நெட்டைக்காலி போன்ற தரையில் கூடுகட்டும் பறவைகளும் பூச்சிகளும் அழியும், சோலையின் ஓரத்து இளமரங்கள் கருகும். எரிக்காமலே விட்டால் காய்ந்த புல் ஆண்டுக்கணக்கில் திரண்டு, ஒருநாள் கட்டுக்கடங்காத தீயாக எழும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாதம், காற்று, பரப்பு ஆகியவற்றைக் கணித்து வேலை செய்வதற்கு நூலறிவு மட்டும் போதாது, மலையில் பிறந்து வளர்ந்தவரின் கண்ணும் வேண்டும்.

பரம்பிக்குளத்தில் புல்வெளிக்கு வழங்கும் பெயர் வயல். மலைகளுக்கு நடுவே தாழ்ந்த பள்ளங்களில், மழைக்காலத்தில் நீர் தேங்கி நிற்பதால் மரங்கள் எளிதில் காலூன்ற முடியாத சதுப்பான புல்தரைகளே இவ்வயல்கள். பயிர்செய்யும் வயலோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. இக்காட்டின் கணிசமான பகுதி ஒரு காலத்தில் வெட்டப்பட்டு, தேக்கு நடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து சாலக்குடிக்கு மரம் கொண்டுசெல்லவே மலைமேல் டிராம் பாதை போடப்பட்டு, 1963 வரை அது இயங்கியது. தேக்கு கோடையில் முற்றிலும் இலை உதிர்க்கும் மரம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேக்குக்காட்டுத் தரையில் காய்ந்த பெரும் இலைகள் மட்டுமே கிடக்க, பள்ளத்து வயலில் ஈரம் ஒட்டியிருப்பதால் புல் பச்சையாக நிற்கும். அந்த வாரங்களில் புள்ளிமான் கூட்டமும், காட்டுமாடும், இருட்டியபின் மிளாவும் வயலை நோக்கியே வரும். அவற்றைத் தேடிச் செந்நாயும் சிறுத்தையும் புலியும் வரும். பரம்பிக்குளத்தின் புலிகள் வயலை நம்பி வாழ்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வயல்களையும் காட்டோரங்களையும் விழுங்குவது களை. உண்ணிச்செடி, கேரளத்தவர் கம்யூனிஸ்ட் பச்சை என்று அழைக்கும் புதர்ச்செடி, மரத்தின்மேல் படர்ந்து அதை மூடிவிடும் திருதராஷ்டிரப் பச்சை என்னும் கொடி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. இவற்றின் முதிர்ந்த தழையை மான் பெரும்பாலும் தொடுவதில்லை. உண்ணிச்செடியின் இலை அசைபோடும் விலங்கின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையது. மான் தொடாத செடி வளர, மான் தின்னும் புல் நிழலில் சாகும். இதனால் காடு பச்சையாகத் தெரிந்துகொண்டே தீனியற்றுப் போகும். சாலையில் போகிறவர் கண்ணுக்கு அது செழித்த காடாகவே தோன்றும் என்பதுதான் இதில் துயரமானது.

உண்ணிச்செடியை வெட்டினால் போதாது. வெட்டிய அடியிலிருந்து பல மடங்காகத் துளிர்க்கும். ஆகவே தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தை மண்வெட்டியால் கொத்தித் துண்டித்து, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, கிளைகள் மண்ணைத் தொட்டு மீண்டும் வேர்விடாதபடி காயவிடும் முறை இந்தியக் காடுகளில் பின்பற்றப்படுகிறது. இதைக் காய் பழுப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும்; பழுத்தபின் செய்தால் பறவைகள் விதையைக் கொண்டுபோய் வேறிடத்தில் போட்டிருக்கும். அகற்றிய இடத்தை வெறுந்தரையாக விட்டால் அடுத்த மழையில் களையே முளைக்கும் என்பதால், உடனே உள்ளூர்ப் புல்லின் தூர்களைப் பிரித்து நடவேண்டும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளும் வந்து, முளைத்த நாற்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய காட்டுக்குடிகளின் உழைப்பும் புல்லைப் பற்றிய அறிவும் இல்லாமல் இக்காடுகளில் இது நடவாது. ஒரு மழைக்குள் முளைக்கும் முள்ளங்கியைப் போல இது விரைவில் பலன் காட்டாது. ஆனால் ஒருமுறை நிலைத்த புல் யாரும் விதைக்காமலே ஆண்டுதோறும் தளிர்க்கும்.

இடுக்கிப் பக்கத்தில் இதே பணி வேறொரு பகைவரோடு நடக்கிறது. கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக உயர்மலைப் புல்வெளிகளில் நடப்பட்ட வாட்டில் மரமும், உள்ளூரார் கிராண்டிஸ் என்று சொல்லும் தைலமரமும் மலைச்சரிவுகளை மூடின. தீ வாட்டிலை அழிப்பதில்லை, மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும் அதன் விதையை எழுப்பிவிடுகிறது. வட்டவடையை அடுத்த பழத்தோட்டத்தில், வாட்டில் காடு தீயில் அழிந்த இடத்தை மீண்டும் வாட்டிலுக்கே விட்டுவிடாமல், வனத்துறையும் உள்ளூர் மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழுவும் சேர்ந்து நாற்றுகளைப் பிடுங்கி, மலைக்கு உரிய புல்லைத் தூர் தூராக நட்டுப் புல்வெளியை மீட்டன. காட்டுமாடும் மிளாவும் அங்கே மேயத் திரும்பின. அயல்மரத் தோட்டங்களை இயற்கைக் காடாக மாற்றும் கொள்கையைக் கேரள அரசும் 2021இல் ஏற்றது. மானுக்கான தீவனப் பாத்தி என்று இந்த எல்லையில் எதையாவது காட்டவேண்டுமென்றால், பழத்தோட்டத்துச் சரிவைத்தான் காட்டவேண்டும்.

வட்டவடையிலும் காந்தளூரிலும் தமிழ் பேசும் உழவர்கள் படிக்கட்டு நிலங்களில் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு ஆகியவற்றை விளைவிக்கிறார்கள். காட்டை ஒட்டிய இத்தோட்டங்கள் யாரும் எண்ணாமலே மானுக்கான பாத்திகளாகி விடுகின்றன. முள்ளங்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே விடை கிடக்கிறது. விடிந்ததும் பீன்ஸ் வரிசையில் கடிபட்ட தண்டைப் பார்த்தாலே வந்தது யார் என்று உழவர் சொல்லிவிடுவார்: மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது தண்டைப் பிய்த்தே எடுக்கும், முனை நார் நாராகக் கிழிந்திருக்கும், முயலோ முள்ளம்பன்றியோ கடித்திருந்தால் கத்தியால் சீவியது போல் இருக்கும். உரமிட்ட இளந்தழையின் சுவையை ஒருமுறை அறிந்த மிளா மறுநாளும் வரும், குட்டியையும் அழைத்து வரும். சோலார் வேலி, அகழி, இரவுக் காவல் ஆகியவற்றின் செலவும் களைப்பும் விளைச்சலின் வருமானத்தைத் தின்றுவிடுகின்றன. சின்னாற்றுக் காட்டுக்குள்ளிருக்கும் தாயண்ணன்குடி போன்ற முதுவர் குடிகள் கேழ்வரகை மீண்டும் விளைவிக்கத் தொடங்கியபோதும், தினைப்புனம் காத்த பழந்தமிழரைப் போலவே காவலிருந்துதான் கதிரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. காட்டு நடுவில் அரசே பயிர் வைத்தால், விலங்கு அதோடு நின்றுவிடாது. பயிர் என்பது உணவு என்று கற்றுக்கொண்டு, அந்தப் பாத்தி தீர்ந்த மறுநாள் அடுத்த பாத்தியைத் தேடி ஊருக்கே வரும்.

தீனியால் ஈர்க்கப்பட்ட விலங்குக்கு நேர்வது என்ன என்பதையும் பாலக்காடு மாவட்டம் கண்டிருக்கிறது. வெடிமருந்து திணித்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை, 2020 மே மாதத்தில் வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. அத்தகைய காய்கள் பொதுவாகப் பன்றிக்கு வைக்கப்படுபவை. ஆனால் வைத்த உணவு யாருக்கு என்று காட்டு விலங்கு அறியாது. இதனாலேயே 1972ஆம் ஆண்டின் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது, கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது ஆகியவற்றோடு, இரை வைத்து ஈர்ப்பதையும் சேர்த்தே வேட்டை என்கிறது. சரணாலயத்தில் வாழிடத்தை மாற்றும் எந்த வேலையும் விலங்குகளின் நலனுக்காக மட்டுமே, உரிய அனுமதியோடு நடக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தில் உள்ளது.

நோயும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1967இல் கொலராடோ மாநிலத்தில் முதலில் அறியப்பட்ட, மான்களின் மூளையை அரித்து மெலிந்து சாகச் செய்யும் நோய், உமிழ்நீராலும் கழிவாலும் மண்ணாலும் பரவக்கூடியது. மான்களை ஓரிடத்தில் கூட்டும் தீனியும் இரையும் அதைப் பரப்பும் என்பதால் அங்கேயே பல மாநிலங்கள் தீனி கொட்டுவதற்குத் தடை விதித்துள்ளன. அந்நோய் இந்தியாவில் கண்டறியப்படவில்லை. ஆனால் கால்நடைகளும் காட்டு விலங்குகளும் ஒரே நிலத்தில் மேயும் எல்லை ஊர்களில் கோமாரி போன்ற நோய்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ, கூட்டம் சேர்ப்பதே போதும். தீனி போட்டுக் கூட்டம் சேர்க்காமலே மானைக் காக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு: மத்தியப் பிரதேசத்தின் கானாவில் 1970இல் 66 ஆகக் குறைந்திருந்த சதுப்புமான் மீண்டு வந்ததில், ஊர்கள் இடம்பெயர்ந்த பழைய வயல்களில் புல் வளரவிட்டுக் காத்ததற்குப் பெரும்பங்கு உண்டு. அதற்காக அங்கே எவரும் கிழங்கு விதைக்கவில்லை.

உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு செல்லும் சாலை சின்னாறு சரணாலயத்தை ஊடுருவிச் செல்கிறது. அச்சாலையோரத்தில் புள்ளிமானைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, வாங்கிவந்த கேரட்டையும் பழத்தையும் பிஸ்கட்டையும் நீட்டுவது அன்பு என்று பலர் நினைக்கிறார்கள். திருகோணமலைக் கோட்டைப் பகுதியில் ஊருக்குள் திரியும் மான்கள் அப்படிக் கைத்தீனிக்குப் பழகியவை. சென்னையில் இறந்த புள்ளிமான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் உறைகளே எடுக்கப்பட்டிருக்கின்றன. காட்டைக் கடப்போர் மானுக்கு எதையும் கொடுக்க வேண்டாம்; உணவுப் பொட்டலத்தின் உறையையும் வீசவேண்டாம்; வண்டியை நிறுத்தாமல் மெல்லக் கடந்து சென்றாலே போதும். மானுக்கு உண்மையிலேயே தீனி கொடுக்க விரும்பும் மன்றங்களும் கல்லூரிகளும், களை பிடுங்கவும் புல் நடவும் வனத்துறை ஆள் கேட்கும் நாள்களில் அனுமதியோடு சென்று, அங்குள்ள முதுவரும் மலசரும் காட்டித்தரும் வழியில் வேலை செய்யவேண்டும்.